பக்கெட் கொடுத்த அருள்வாக்கு

திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற பாய்ஸ் ஹாஸ்டல்களில், அடிப்பக்கம் விரிசல் விடாத ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டை யாராவது எனக்குக் காட்டினால் இந்தப் பத்தி எழுதுவதையே விட்டுவிடுகிறேன். அத்தனை விரிசலுக்கும் ஒரே ஆள்தான் காரணம். அவனுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. அதை ஹால் டிக்கெட்டில் பார்த்ததோடு சரி. எங்களுக்கு அவன் பக்கெட்.

ஓர் அறையில் ஆறு பேர் இருந்தோம். ஆறு பேரும் அரசாங்க வேலைக்குப் படித்துக்கொண்டிருப்பதாக எங்கள் வீடுகளில் நம்பினார்கள். நான் சத்தியவேட்டிலிருந்து போனவன். மூன்று வருஷத்தில் நான் எழுதாத பரீட்சை இல்லை. தேறிய பரீட்சையும் இல்லை. இப்போது உங்களுக்கு வாராவாரம் எழுதிக்கொண்டிருக்கிறேன் என்பதிலிருந்தே என் ரிசல்ட்டுகளை நீங்கள் ஊகித்திருப்பீர்கள்.

காலையில் குளிக்கப் போனால் பாத்ரூம் வாசலில் பக்கெட் உட்கார்ந்திருப்பான். எல்லா வாளிகளையும் கவிழ்த்துப் போட்டு ஒவ்வொன்றாகத் தட்டி, காதைச் சாய்த்துக் கேட்பான். பச்சை வாளிக்குத் தொண்டை கட்டியிருக்கிறது என்பான். நீல வாளி பரவாயில்லை. சிவப்பு வாளியை மட்டும் யாரும் தொடக்கூடாது.

“டேய், அத்த வெச்சிடு. அது ஒண்ணுதான் சுருதியில கீது.”

“நான் குளிக்கணும்டா, எட்டு மணிக்கு கிளாஸ்!”

“குழாய்க்கு அடியில குந்திக்கோ. இன்னாத்துக்கு வாளி?”

மேனேஜர் ஆறு மாதம் பொறுத்துப் பார்த்தார். பிறகு ஒருநாள் உடைந்த வாளிகளை வரிசையாக அடுக்கிவைத்து, செத்த வீட்டில் நிற்பவர்போல அதன் முன்னால் நின்றுகொண்டு கேட்டார்: “பாபு, நுவ்வே செப்பு. பக்கெட் ஸ்நானானிகா, சங்கீதானிகா?” குளிக்கவா, சங்கீதத்துக்கா என்ற அந்தக் கேள்வியை பக்கெட் உண்மையாகவே யோசித்தான். யோசித்துவிட்டு, “ரெண்டுக்கும்தான் சார், ஆனா ஸ்நானத்த மக்குல கூட பண்ணலாம்” என்றான். அன்றிலிருந்து எங்கள் தளத்துக்கு வாளி கொடுப்பதையே அவர் நிறுத்திவிட்டார். பக்கெட் மெஸ்ஸுக்கு இறங்கி வந்து சாம்பார் வாளியில் ஆரம்பித்தான்.

இந்த வியாதி அவனுக்கு நகரியில் வந்தது. அவன் நைனா அங்கே ஒரு பவர்லூம் ஷெட்டில் தறி ஓட்டுகிறவர். ஒரே ஆள் எட்டுத் தறி. கைக்குழந்தையாக இருந்தபோது இவனைத் தறிக்குப் பக்கத்திலேயே தூளி கட்டிப் போட்டிருக்கிறார்கள். எட்டுத் தறியும் ஓடினால் தூங்குவானாம். கரண்ட் போனால் வீறிட்டு அழுவானாம். எட்டுத் தறி எட்டு விதமாக அடிக்கும், எப்போதாவது ஒரு விநாடி எட்டும் ஒன்றாக வந்து சேரும், அந்த ஒரு விநாடிக்காகத்தான் தன் கை அலைகிறது என்று பக்கெட் சொல்வான். எங்களுக்கு ஒன்றும் புரியாது. குளிக்க வாளி இல்லாதவனுக்கு அதெல்லாம் எங்கே புரியும்?

அதே தறி நைனாவின் காதுகளை வாங்கிக்கொண்டது. இருபத்தைந்து வருஷச் சத்தத்தில் இரண்டு காதும் ஏறக்குறைய போய்விட்டன. தனக்குக் கேட்காததால் உலகத்துக்கும் கேட்காது என்று நினைத்துப் பேசுவார். நகரியிலிருந்து அவர் கூப்பிட்டால் போனே தேவையில்லை. ஜன்னலைத் திறந்துவைத்தால் போதும்.

“பெரியவனே! படிக்கிறியா!”

அறையில் இருக்கும் ஆறு பேரும் சேர்ந்து கத்துவோம்: “படிக்கிறோம் நைனா!”

“துன்னியா!”

“துன்னோம் நைனா!”

ஆறு பேர் குரல் சேர்ந்தால்தான் ஒருவன் குரலாக அவர் காதில் விழும். பக்கெட் ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு மறு கையால் வாளியைத் தட்டிக்கொண்டே பேசுவான். அந்தப் பக்கம் அவருக்குக் கேட்காது என்று அவனுக்குத் தெரியும். அவன் எப்படி வாசிப்பான் என்பதை உலகத்திலேயே கேட்காத ஒரே மனிதர் அவனைப் பெற்றவர்தான். நாங்கள் அன்றைக்கு இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

எப்படி வாசிப்பான் என்று நீங்கள் கேட்பீர்கள். எனக்கு சங்கீதம் தெரியாது. ஒருநாள் மத்தியானம் மெஸ்ஸில் காலி சாம்பார் வாளியை மடியில் வைத்துக்கொண்டு பத்து நிமிஷம் வாசித்தான். அந்தப் பத்து நிமிஷமும் நான் ஒரு தோற்றுப்போனவன் என்பது எனக்கு மறந்துபோயிருந்தது. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

ஆனால் பரீட்சை ஹாலில் அந்தக் கையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஒருமுறை விடை தெரியாமல் யோசித்தபடி பெஞ்சில் தட்டியிருக்கிறான். மேற்பார்வை பார்க்க வந்தவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இரண்டு தட்டு தட்டினால் ‘பி’, மூன்று தட்டினால் ‘சி’ என்று யாருக்கோ சைகை கொடுக்கிறான் என்று பறக்கும் படையைக் கூப்பிட்டுவிட்டார். தனி அறையில் விசாரணை நடந்தது. இது சைகை இல்லை சார், எங்க ஊர்த் தறி என்று இவன் சொன்னான். நிரூபித்துக் காட்டு என்றார்கள். மேசையில் வாசித்துக் காட்டினான். படைத்தலைவர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, “பாகுந்தி, மறுபடி அந்த ரெண்டாவது எடத்துலேந்து அடி” என்றாராம். நாற்பது நிமிஷம் வாசித்தான். திரும்பி வந்து உட்கார்ந்தபோது மணி அடித்துவிட்டது. அவனுக்குப் பின்பெஞ்சில் இருந்த ஒருவன் மட்டும் அதுவரை கேட்ட தட்டல்களை நம்பி ‘பி’, ‘சி’ என்று குறித்துக்கொண்டே வந்து தேறிவிட்டான். இப்போது அரசாங்க வேலையில் இருக்கிறான். ஊரைச் சொல்ல மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ‘மாக் டெஸ்ட்’ என்று வீட்டில் சொல்லிவிட்டு பக்கெட் சித்தூர் பஸ் ஏறுவான். அங்கே ஓர் ஆர்கெஸ்ட்ராவில் ரிதம் பேட் வாசித்துக்கொண்டிருந்தான். கங்காதர நெல்லூரில் ஒரு கல்யாணம். முகூர்த்தத்துக்கு அரை மணி நேரத்துக்கு முன்னால் கரண்ட் போனது, ஜெனரேட்டரும் கையை விரித்தது. கீபோர்டு செத்தது, மைக் செத்தது, பேடும் செத்தது. பக்கெட் எழுந்து சமையல்கட்டுக்குப் போனான். சோற்றைப் பாயில் கொட்டச் சொல்லி, அண்டாவைத் தூக்கிக்கொண்டு வந்து, இரண்டு கரண்டியோடு ஆரம்பித்தான். மாப்பிள்ளையின் மாமா முதலில் ஆடினார். பிறகு பெண்ணின் சித்தி. பிறகு பந்தியில் இருந்தவர்கள் எச்சில் கையோடு எழுந்து வந்தார்கள். ஐயர், “முகூர்த்தம் போறது, அந்த அண்டாவ யாராவது நிறுத்துங்கோ!” என்று கத்திக்கொண்டிருந்தார். கடைசியில் பெண்ணும் மாப்பிள்ளையும் அண்டாவுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்த பிறகுதான் தாலி ஏறியது.

அந்தப் பந்தியில் பெங்களூரிலிருந்து வந்த ஒருவர் இருந்தார். பெரிய இசைக்குழு ஒன்றை நடத்துகிறவர். கையைக்கூடக் கழுவாமல் பக்கெட்டின் கையைப் பிடித்துக்கொண்டார். ஆறு மாத சுற்றுப்பயணம், வெளிநாடும் உண்டு, வந்துவிடு என்றார். திருப்பதியில் கெங்கம்மா ஜாத்திரை முடிந்து வருகிற திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் வேறு ஆள்.

பக்கெட்டுக்கு இருபத்து நான்கு வயது. சரி என்று சொல்லிவிட்டு பஸ் ஏறியிருக்கலாம். “நைனாகிட்ட சொல்லாம எப்படிடா போறது?” என்றான். சொல்வதற்கு அறையில் ஒத்திகை நடந்தது. நான்தான் நைனா. காதில் பஞ்சு வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தேன். அவன் எதிரில் நின்று, “நைனா, எனக்கு வேலைக்குப் போவ இஷ்டம் இல்ல, நான் வாசிக்கத்தான் போறேன்” என்று சொல்ல வேண்டும். முதல் நாள் “நைனா” வரைக்கும் வந்தான். இரண்டாம் நாள் “இஷ்டம்” வரைக்கும் வந்தான். நான்காம் நாள் முழுதாகச் சொல்லிவிட்டு, பஞ்சு வைத்த என் முகத்தைப் பார்த்து அழுதுவிட்டான். எனக்கு எரிச்சலாக வந்தது. கோழைகளில் இரண்டு வகை: ஆசைப்படவே பயப்படுகிறவன், ஆசைப்பட்டதைச் சொல்லப் பயப்படுகிறவன். நான் முதல் வகை என்பதால் இரண்டாம் வகையைக் கண்டால் எனக்குப் பிடிக்காது.

ஜாத்திரை வந்தது. திருப்பதி கெங்கம்மா ஜாத்திரையைப் பார்க்காதவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்த வாரம் ஆண்கள் வேண்டிக்கொண்டு வேஷம் கட்டுவார்கள். ஒருநாள் புடவை கட்டி, சவுரி வைத்து, முகம் நிறைய மஞ்சளும் குங்குமமும் பூசிக்கொண்டு தெருவில் வருவார்கள். வேஷம் கட்டிவிட்டால் அவன் அவன் இல்லை, அம்மன். பெரியவர், சிறியவர் பார்க்காமல் எல்லாரும் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றி விழுவார்கள், வாக்குக் கேட்பார்கள். அம்மன் யாரை வேண்டுமானாலும் எவ்வளவு கேவலமாக வேண்டுமானாலும் திட்டலாம். திட்டு வாங்குகிறவருக்கு அது புண்ணியம்.

பம்பைக்காரர் ஒருவருக்குக் கை வீங்கிவிட்டதால் பக்கெட்டைக் கூப்பிட்டிருந்தார்கள். அவன் என்னையும் இழுத்துக்கொண்டு போனான். மெஸ் அக்கா தன் புடவைகள் இரண்டை எங்களுக்குக் கட்டிவிட்டாள். பக்கெட் முகத்தில் மஞ்சளும் குங்குமமும் ஒரு விரல் கனம். பெற்றவளுக்கே தெரியாது. இடுப்பில் பம்பையைக் கட்டிக்கொண்டு அவன் அடிக்க ஆரம்பித்ததும் தெருவே அவன் பின்னால் திரண்டது.

எனக்கு வாசிக்கத் தெரியாது. திட்டத் தெரியும். மூன்றாவது தெருவில் எங்கள் ஹாஸ்டல் மேனேஜர் குடும்பத்தோடு நின்றிருந்தார். மூன்று வருஷ சாம்பாருக்கும் சேர்த்து, அவர் வம்சத்தையே தெலுங்கிலும் தமிழிலும் மாற்றி மாற்றித் திட்டினேன். அவர் கண்ணில் நீர் தளும்ப என் காலில் விழுந்து, “தல்லி, காப்பாடு” என்றார், தாயே காப்பாற்று என்று. வாழ்க்கையில் நான் ஜெயித்த ஒரே நாள் அது. அது ஐந்து நிமிஷம்கூட நீடிக்கவில்லை.

பம்பை திடீரென்று ஓர் அடி தவறியது. பக்கெட் அடி தவறி நான் கேட்டதே இல்லை. திரும்பிப் பார்த்தேன். அவனுக்கு எதிரில், தலைமுடியில் தறிப் பஞ்சோடு, கையில் ஒரு மஞ்சள் பையோடு அவன் நைனா நின்றுகொண்டிருந்தார். மகனைப் பார்த்துவிட்டுப் போக நகரியிலிருந்து வந்திருக்கிறார். ஹாஸ்டல் பூட்டியிருந்ததால் ஜாத்திரைத் தெருவுக்கு வந்திருக்கிறார். அவர் கண்ணுக்கு எதிரில் நின்றது மகன் இல்லை.

பையைக் கீழே வைத்தார். அப்படியே நடுத்தெருவில் நீளமாக விழுந்து, பக்கெட்டின் இரண்டு காலையும் பிடித்துக்கொண்டார்.

“அம்மா! தாயே!” தெருக்கோடி வரைக்கும் கேட்டது. “எம் பெரியவனுக்கு ஒரு வேல குட்த்துடும்மா! அவன் இன்னாவோ தட்டிக்கினே கீறான். நல்லாத்தான் தட்றான்னு சொல்றாங்க. என் காதுக்கு எங்க கேக்குது! தறிக்கு என் காத குட்த்துட்டேன் தாயே, அது போவட்டும். நாளைக்கு சோத்துக்கு இல்லன்னு அவனும் தறிக்குத்தான் வரணும். அவன் கைய அதுக்குக் குட்த்துடாதம்மா! ஒரு ஆபீசுல குந்த வெச்சிடு! நீ வாக்கு சொல்ற வரைக்கும் எழுந்துக்க மாட்டேன்!”

பம்பைகள் எல்லாம் நின்றுவிட்டன. தெரு காத்திருந்தது. நான் என் புடவையை வாரிச் சுருட்டிக்கொண்டு அவன் காதருகே போய், “சொல்லுடா” என்றேன். “உம் புள்ளைய வாசிக்க உடுன்னு சொல்லு. அம்மன் சொன்னா தட்ட மாட்டாரு. இத விட்டா உனக்கு நேரம் கெடையாது. சொல்லு!” நான்கு நாள் ஒத்திகை செய்தும் வராத வசனத்தை, வேறு ஒருத்தி வாயால் சொல்ல அந்த அம்மனே வழி செய்து கொடுத்திருந்தாள்.

பக்கெட் கீழே பார்த்தான். குனிந்து அவர் தலையில் வேப்பிலையை வைத்தான். குரல் தெரியக்கூடாது என்று தெலுங்கில் சொன்னான்: “நீ கொடுக்குக்கி உத்யோகம் ஒஸ்துந்தி போ.”

நைனா நிமிர்ந்து, “இன்னா தாயே? கேக்கல!” என்றார்.

“உத்யோகம் ஒஸ்துந்தி!”

“கேக்கலம்மா! கொஞ்சம் கத்தி சொல்லு!”

தெருவில் சிலர் சிரித்தார்கள். பக்கெட் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தான். இந்த முறை தமிழில், கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினான்: “உம் புள்ளைக்கு வேல கெடைக்கும் போடா!”

தன் தலையெழுத்தைத் தானே மூன்று முறை, போகப் போக உரக்க, பொதுமக்கள் முன்னிலையில் சொன்ன ஆளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. பெற்றவரை “போடா” என்று சொன்னதும் அந்த ஒரே தடவைதான். நைனா கன்னத்தில் போட்டுக்கொண்டு எழுந்தார். பல் எல்லாம் தெரிய அழுதார். வேலை கிடைத்தால் இதே தெருவில் பம்பை வைத்துப் பொங்கல் வைக்கிறேன் என்று அங்கேயே வேண்டிக்கொண்டார்.

சாயங்காலம் ஹாஸ்டல் குழாயடியில் மஞ்சளைக் கழுவும்போது நான் அவனைத் திட்டிய திட்டில் வேஷத்துச் சலுகை எதுவும் இல்லை.

“ஒரு வார்த்த! ஒரே ஒரு வார்த்த சொல்லியிருந்தா நீ பெங்களூர்ல இருந்திருப்படா!”

“கால்ல உழுந்துட்டாருடா” என்றான். “எங்க நைனா என் கால்ல உழுந்து கெடக்குறாரு. அதுக்கு மேல நான் இன்னா கேக்கறது?”

“சரி, சொன்னது சொல்லிட்ட. அம்மனா சொல்லிச்சு? நீதான சொன்ன? இப்ப கெளம்பிப் போயேன்!”

“வேஷத்துல கீறப்ப நான் எங்கடா கீறேன்? அம்மா சொன்னதுதான் அது. இப்ப நான் போய்ட்டா, அம்மா பொய் சொன்னதா ஆய்டும். அப்புறம் எங்க நைனா எந்த சாமிகிட்ட போய் கேப்பாரு?”

திங்கட்கிழமை பெங்களூர்க்காரருக்குப் போன் செய்து வரவில்லை என்றான். அவர் காரணம் கேட்டார். “அம்மா வேணாம்னுட்டாங்க சார்” என்றான்.

வாக்குக் கொடுத்தது தெய்வம். அதை நிறைவேற்றுகிற வேலை பக்கெட்டுக்கு. பேயாகப் படித்தான். நடந்துகொண்டே படித்தான், சாப்பிட்டுக்கொண்டே படித்தான். தட்டக்கூடாது என்று பரீட்சை நாளில் இடது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்து எழுதினான். எங்கள் தளத்துக்கு வாளிகள் திரும்பி வந்தன. சிவப்பு வாளியில் யார் வேண்டுமானாலும் குளித்தார்கள். எங்கள் ஆறு பேரில் தேறியவன் அவன் ஒருவன்தான். சித்தூரில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் நாற்காலி கிடைத்தது.

ஒருநாள் அவனைப் பார்க்கப் போயிருந்தேன். முழுக்கைச் சட்டை போட்டிருந்தான். எதிரில் காகிதக் கட்டு, பக்கத்தில் ரப்பர் ஸ்டாம்ப். இந்த ஆள் கையில் ஸ்டாம்பைக் கொடுத்தால் ஆபீசே ஆடும் என்று ஆசையோடு உட்கார்ந்தேன். டொப். டொப். டொப். எல்லா குமாஸ்தாக்களும் குத்துகிற மாதிரியே குத்தினான். ஒரு கட்டு முடிகிறவரை காத்திருந்துவிட்டு, டீ குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

அடுத்த ஜாத்திரைக்கு நைனா வேண்டுதலை நிறைவேற்ற வந்தார். நான்கு பம்பைக்காரர்களை அமர்த்தியிருந்தார். பொங்கல் பொங்கியது. அவர்கள் வாசித்ததை என்னாலேயே தாங்க முடியவில்லை. ஒருவன் முன்னால் ஓட, மற்ற மூன்று பேரும் அவனைத் தேடிக்கொண்டிருந்தார்கள். நைனா அவர்களின் கைகளையே பார்த்துக்கொண்டு தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். பக்கெட் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றான்.

நைனா அவன் பக்கம் சாய்ந்து, ரகசியமாகக் கேட்பதாக நினைத்துக்கொண்டு, தெரு முழுக்கக் கேட்கும்படி கேட்டார்: “பெரியவனே! எப்படிடா அடிக்கறாங்க! நீ தட்டுவியே, அந்த மாதிரியா!”

பக்கெட் அவர் காதுக்குள் வாயை வைத்துச் சொன்னான்: “என்னவிட நல்லா அடிக்கறாங்க நைனா.”

நைனாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. நான் அங்கே நிற்காமல் வேறு பக்கம் நடந்துவிட்டேன்.

எனக்கு அவன்மேல் இருக்கிற கோபம் இன்னும் ஆறவில்லை. வாரம் தவறாமல் போன் செய்கிறேன். எடுத்ததும் முட்டாள், மடையன், கையாலாகாதவன் என்று வாய் வலிக்கத் திட்டுகிறேன். அவன் எதிர்ப்பேச்சுப் பேசாமல் கேட்டுக்கொள்கிறான். திட்டி முடிந்ததும், “துன்னியாடா?” என்று கேட்டு, துன்னேன் என்று அவன் சொன்ன பிறகுதான் எனக்குப் போனை வைக்க மனசு வருகிறது.